கேமிங் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பழுதான பாகத்தைப் பிடிப்பது

பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் ஒரு போன் போட்டு, ‘ஓடவில்லை, வந்து பாருங்கள்’ என்று சொல்லிவிடலாம். பாகம் பாகமாக வாங்கி வீட்டில் நாமே மாட்டிய மெஷினுக்கு அந்த வசதி கிடையாது. பிராசசர் ஒரு கம்பெனி, மதர்போர்டு ஒரு கம்பெனி, கிராபிக்ஸ் கார்டு இன்னொரு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் தனி பில், தனி வாரண்டி. எது கெட்டது என்று நமக்குத் தெரிந்தால்தான் எந்த சர்வீஸ் சென்டருக்குப் போவது என்றே தெரியும். தப்பான பாகத்தைத் தூக்கிக்கொண்டு போனால், ‘டெஸ்ட் செய்தோம், நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அப்படியே திரும்பி வரும்.

சந்தேகம் முதலில் விழுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான். பெட்டிக்குள் இருப்பதிலேயே விலை அதிகமானது, கேம் ஆடும்போது அதிகம் உழைப்பதும் அதுதான். ஆனால் கார்டு போய்விட்டது போலத் தெரியும் பல பழுதுகளுக்குப் பின்னால் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குப் பவர் தரும் பெட்டி), ரேம், பாதி மாட்டிய ஒரு ஒயர் என்று வேறு ஏதாவது இருக்கும். அதனால் என்ன ஆகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்போது ஆகிறது என்று பாருங்கள். ஆன் செய்தவுடனா, விண்டோஸ் வந்த பிறகா, கேம் ஆடும்போது மட்டுமா, ஆடி அரை மணி நேரம் கழித்தா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பேச்சு வசதிக்கு ஒரு மெஷினை வைத்துக்கொள்வோம்: ரைசன் 5 5600 பிராசசர், பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ். நடுத்தர பட்ஜெட்டில் நிறைய பேர் மாட்டிய செட் இது. உங்களுடையது வேறாக இருந்தாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், சாதாரண மல்டிமீட்டர், ஒரு பென்டிரைவ், முடிந்தால் நண்பரிடமிருந்து ஒரு பழைய கார்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ இரவல். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரேமையும் கழற்றி மாட்டி, பயாஸையும் (போர்டிலேயே இருக்கும் ஆரம்ப மென்பொருள்) அப்டேட் செய்து, டிரைவரையும் புதிதாகப் போட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. பழுது திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கேபினட்டைத் தொட்டால் லேசாக விறுவிறுக்கிறதா? அது ஸ்டாட்டிக் இல்லை, உங்கள் பிளக் பாயின்டில் எர்த் வரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினட்டில் மெயின்ஸ் வோல்டேஜில் பாதியளவு வந்து நிற்கும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கம்ப்யூட்டரை அப்புறம் பார்க்கலாம்.

பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை

சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் இரண்டையும் தாண்டி நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், தூசி தட்டும்போது கை பட்டு அது அணைந்துபோவது சகஜம்.

அடுத்து போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் மெஷின் ஆஃபில் இருக்கும்போதே ஒரு சின்ன விளக்கோ, ஆர்ஜிபி வெளிச்சமோ எரியும். அது எரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டான்ட்பை வருகிறது என்று அர்த்தம். அப்போது சந்தேகப்பட வேண்டியது கேபினட்டின் பட்டனை. போர்டின் ஓரத்தில் பவர் சுவிட்ச் ஒயர் மாட்டியிருக்கும் இரண்டு பின்களைக் கண்டுபிடித்து, ஒயரை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். மெஷின் எழுந்தால் பட்டன்தான் செத்திருக்கிறது. ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து அந்தப் பின்களில் மாட்டிவிடுங்கள், அதுவே பவர் பட்டனாக வேலை செய்யும். செலவே இல்லை.

விளக்கும் இல்லை, தொட்டாலும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, போர்டு, கார்டு, டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் ஒயர்களை உருவிவிடுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் அதன் பக்கத்துக் கருப்பு ஒயரையும் ஒரு வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள். எல்லா ஒயரும் கருப்பாக வரும் செட்டில் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்து 16-ஆம் பின்னைப் பிடியுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. சில மாடல்களில் லோடு இல்லாதபோது ஃபேன் சுற்றாது, அதனால் மஞ்சள் ஒயருக்கும் கருப்புக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பதே நிச்சயம்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் கொடுப்பது பெரிய விஷயம் இல்லை, 300 வாட் இழுக்கும்போதும் கொடுக்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடுகிறது, போர்டில் மாட்டினால் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் எங்கோ ஷார்ட். போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் போட்டு எழுப்பிப் பாருங்கள். வெளியே எழுந்து, உள்ளே எழவில்லை என்றால் போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டான்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டி உலோகத் தூண்) திருகப்பட்டிருக்கும், அல்லது கீழே விழுந்த ஒரு ஸ்க்ரூ இருக்கும். நம் ஊரில் செத்த பல்லியும் இருக்கலாம்.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு

மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? ரைசன் 5 5600-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்று முடியும் பிராசசர்களுக்கும் அப்படித்தான். இவற்றில் போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் கேபிளை மாட்டினால் காலத்துக்கும் கருப்புத் திரைதான். கேபிள் கீழே, கார்டின் துளையில் இருக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் போர்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் நான்கு குட்டி விளக்குகளைப் பாருங்கள். சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கார்டு), பூட் (டிஸ்க்) என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ, மெஷின் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ரொம்ப விலை குறைந்த சில போர்டுகளில் இந்த விளக்குகள் இருக்காது, அங்கே கீழே வருவதை வரிசையாகச் செய்து பார்க்க வேண்டியதுதான்.

டிராம் விளக்கு நின்றால்: ஏஎம்டி-யின் புதிய ஏஎம்5 சாக்கெட் போர்டும் டிடிஆர்5 ரேமும் என்றால் முதலில் பொறுமை. முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கப்படுத்த அந்த போர்டுகள் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், திரை கருப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டிடிஆர்4-இல் அவ்வளவு நேரம் ஆகாது. பவரை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றுங்கள். ரப்பரால் தங்கப் பட்டையைத் தேய்ப்பது நம் ஊரின் பரம்பரை வைத்தியம். வேலையும் செய்கிறது. மெதுவாகத் தேய்த்து, துகளைச் சுத்தமாகத் தட்டிவிட்டு மாட்டுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அது இன்னும் நல்லது. இப்போதைய பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில்தான் கிளிப் இருக்கும். ஏமாறுவது இங்கேதான். கிளிப் உள்ள முனை ‘டக்’ என்று சத்தம் கொடுத்து உட்கார்ந்துவிடும், கிளிப் இல்லாத முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தங்கப் பட்டை ஒரு ஓரத்தில் மட்டும் கோடாகத் தெரியும். அந்த முனையில் கட்டைவிரலை வைத்துத் தைரியமாக அழுத்துங்கள்.

முதலில் ஒரே ஒரு ரேமைப் போட்டுப் பாருங்கள், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில். எழுந்தால் அதை எடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். ஒன்றில் எழுந்து மற்றதில் எழவில்லை என்றால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டது. இரண்டுமே ஒரு ஸ்லாட்டில் ஓடி இன்னொரு ஸ்லாட்டில் ஓடவில்லை என்றால் பழுது போர்டிலோ, பிராசசர் சாக்கெட்டிலோ. இன்டெல் போர்டிலும் ஏஎம்5-இலும் சாக்கெட்டின் ஒரே ஒரு பின் வளைந்தால்கூட ஒரு பக்க ரேம் காணாமல் போகும். இரண்டு ரேம் போடும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள்.

சிபியு விளக்கு நின்றால், போர்டின் மேல் இடது மூலையில் 8 பின் பவர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலும் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், பிராசசருக்கு மட்டும் சாப்பாடு போகாது. இதே இடத்தில் கார்டுக்கான 8 பின்னைத் திணிக்க முயல்பவர்களும் உண்டு. இரண்டின் வடிவமும் வேறு, பலவந்தம் வேண்டாம். புதிதாக மாட்டிய மெஷின் என்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம். 5600 வந்தது 2022-இல், பி550 போர்டுகள் 2020-லேயே வந்துவிட்டன. கடையில் தூங்கிய பழைய போர்டு அந்த பிராசசரை அடையாளம் கண்டுகொள்ளாது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டானால் பென்டிரைவிலிருந்து அப்டேட் செய்துவிடலாம், பிராசசர்கூடத் தேவையில்லை.

நேற்றுவரை ஓடிய மெஷின், பயாஸில் ஏதோ மாற்றிய பிறகு இப்படி ஆனது என்றால் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) கிளியர் செய்யுங்கள். பவர் ஒயரை எடுத்து, வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். பேட்டரியை மீட்டரில் வைத்துப் பாருங்கள், புதியது 3 வோல்ட் காட்டும். நன்றாக இறங்கியிருந்தால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

விஜிஏ விளக்கு நின்றால் கார்டைக் கழற்றி மாட்டி, பவர் ஒயரை வேறு கேபிளில் போட்டு, அதன் பிறகு இரவல் கார்டைப் போட்டுப் பாருங்கள். ஜிடி 710 மாதிரி ஒரு ஓட்டை கார்டு போதும், அதற்குத் தனி பவர் ஒயர்கூட வேண்டாம். அதில் படம் வந்தால் உங்கள் கார்டோ, அதன் ஒயரோ, அதற்குப் பவர் தரும் எஸ்எம்பிஎஸ்ஸோதான். கார்டுதான் என்று முடிவு செய்யும் முன் அதை நண்பரின் மெஷினில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

ஆன் ஆகி, இரண்டு நொடியில் அணைந்து, தானாகத் திரும்ப ஆன் ஆகும் சுற்றல் கேஸும் இந்தக் குடும்பம்தான். ரேம், 8 பின் ஒயர், ஷார்ட் என்று அதே வரிசையில் பாருங்கள்.

கேம் ஆடும்போது பட்டென்று அணைகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது

தப்பான பாகத்தை அதிகம் வாங்க வைப்பது இந்த அறிகுறிதான். அதனால் இங்கே அவசரப்படாமல் பிரித்துப் பாருங்கள். எப்படி அணைகிறது?

முழுவதும் அணைந்து, பட்டனை அழுத்தினாலும் எழாமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வெட்டிக்கொண்டிருக்கிறது. அளவுக்கு மீறி கரன்ட் போயிருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட், அல்லது எஸ்எம்பிஎஸ்ஸே பலவீனம். நீலத் திரைகூட வராமல் ஒரே நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் எஸ்எம்பிஎஸ், பிராசசர், வீட்டு லைன் மூன்றில் ஒன்று. திரை கருப்பாகி, பின்னணி இசை ஓடிக்கொண்டே இருக்க, கார்டின் ஃபேன் மட்டும் ஜெட் விமானம் போல அலறுகிறது என்றால் கார்டின் தொடர்பு அறுந்திருக்கிறது. அதன் பவர் ஒயர், சூடு, கார்டு என்று அந்த வரிசையில் பாருங்கள்.

அப்புறம் விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் அணைந்த நேரத்தைத் தேடுங்கள். கெர்னல்-பவர் 41 என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்ததும் ‘பவர்தான் பிரச்சினை’ என்று பலர் எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடிவிடுகிறார்கள். முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் மெஷின் அணைந்தது என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்வதில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41-தான் பதிவாகும். தேட வேண்டியது அதற்குப் பக்கத்தில் டபிள்யூஹெச்இஏ-லாகர் (பாகங்களின் பிழைகளை விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவு) என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று. எண் 18 இருந்து, உள்ளே கேஷ் ஹைரார்க்கி எரர் என்று எழுதியிருந்தால் சந்தேகம் பிராசசர் மேல். ஒவ்வொரு முறையும் ஒரே ஏபிஐசி ஐடி (பிராசசருக்குள் எந்தக் கோர் என்று காட்டும் எண்) வந்தால் ஒரு கோர் மட்டும் தள்ளாடுகிறது. ரைசனில் கர்வ் ஆப்டிமைசர், பிபிஓ என்று பயாஸில் வோல்டேஜையோ பவர் வரம்பையோ மாற்றி வைத்திருந்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் 17 வரிசையாக வந்தால் அது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள பிசிஐ-இ பாதை. ரைசர் கேபிள் (கார்டைத் தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு) போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு கார்டை நேராக ஸ்லாட்டில் மாட்டுங்கள்.

எதுவும் சிக்கவில்லையா? லோடைப் பிரியுங்கள். சினிபெஞ்ச் என்ற டெஸ்ட் மென்பொருளை ஓட்டினால் பிராசசர் மட்டும் உழைக்கும். ஃபர்மார்க் ஓட்டினால் கார்டு மட்டும் உழைக்கும். தனித்தனியாக இரண்டிலும் அணையாமல் ஓடி, ஓசிசிடி-யின் பவர் டெஸ்டில் இரண்டும் சேர்ந்து உழைக்கும்போது மட்டும் அணைந்தால் கை எஸ்எம்பிஎஸ் பக்கம் நீளும்.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, எப்போதும் அணைகிற அதே கேமை ஆடுங்கள். அணைவது நின்றால் பழுது மின்சாரம் போகும் பாதையில் இருக்கிறது: எஸ்எம்பிஎஸ், ஒயர், அல்லது கார்டிலுள்ள பவர் பகுதி. நிற்கவில்லை என்றால் பவர் லிமிட்டைத் திரும்ப ஏற்றிவிட்டு, கோர் கிளாக்கை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். அதில் நின்றால் கார்டின் சிப்பே தளர்ந்துவிட்டது, அல்லது கம்பெனியே கொஞ்சம் ஓவராக முடுக்கிவிட்ட மாடல். காசில்லாமல் இவ்வளவு சொல்லும் சோதனை வேறு இல்லை.

வாட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3060-க்கு 170 வாட், 5600 அதிகபட்சம் 76 வாட், போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 300-ஐ ஒட்டி வருகிறது. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது சுலபம். அப்படியும் வெட்டுகிறது என்றால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் குறை சொல்ல முடியாது, உள்ளே இருக்கும் சரக்கின் தரமும் வயதும்தான் காரணம். 3080 மாதிரி பெரிய கார்டுகளில் கதை வேறு. அது சராசரியாக 320 வாட் இழுத்தாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான துளி நேரத்தில் அதைவிட ரொம்ப உயரத்துக்குத் தாவும். அந்தத் தாவலைப் பார்த்துச் சில எஸ்எம்பிஎஸ்கள் பயந்து வெட்டிவிடும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், சொன்ன வாட்டைப்போல இரு மடங்கு தாவலை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும் என்று எழுதியதே இதனால்தான்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் கேம் ஓடும்போது, சும்மா தொங்கும் ஒரு மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவே பாருங்கள். 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-க்கு மேலே ஏறவும் கூடாது. விண்டோஸ் மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும், பிளக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

ஒயர்களில் மூன்று விஷயம். கார்டுக்கு இரண்டு 8 பின் வேண்டும் என்றால் ஒரே கேபிளின் இரண்டு தலைகளை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். 2022 இறுதியில் 4090 கார்டுகளில் அது உருகிய செய்திகள் வந்தபோது, பாதி மாட்டிய கனெக்டர்தான் முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் தெரிந்தது. மூன்றாவது, கழற்றி மாட்டும் எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸில் போடவே போடாதீர்கள். துளை பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி கருகிவிடும்.

கடைசியில் வீட்டு லைன். எனக்குத் தெரிந்த பையன் ஒருவனின் மெஷின் ராத்திரியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். கடையில் கார்டை மாற்றச் சொல்லியிருந்தார்கள். பகலில் அதே கேம், அதே கார்டு, ஒன்றும் ஆகாது. ராத்திரியில்தான் அந்த ரூமில் ஏசி ஓடும். கம்ப்ரசர் எடுக்கும் நொடியில் லைன் வோல்டேஜ் குனியும், அந்த நொடியில் தாங்க வேண்டிய யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. பேட்டரியை மாற்றியதோடு முடிந்தது. வீட்டில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மெஷின் 300, மானிட்டர் 30 என்றால் பேட்டரி புதிதாக இருந்தாலே விளிம்பில்தான் நிற்கிறது. யுபிஎஸ் இல்லாமல் நேராக மாட்டி ஒரு நாள் ஆடிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மெஷின் அணையவில்லை, கேம் மட்டும் மூடிக்கொள்கிறது. சில நேரம் நீலத் திரை

ஒரே ஒரு கேம் மட்டும் மூடிக்கொண்டால் பாகங்களைத் தொடாதீர்கள். கேம் ஃபைல்களைச் சரிபார்த்து, டிடியு என்ற மென்பொருளைப் போட்டு கார்டின் டிரைவரை வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

எல்லா கேமும் மூடுகிறது, நீலத் திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருகிறது என்றால் ரேமைப் பிடியுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) அணைத்து, ரேமை அதன் அடிப்படை வேகத்தில் ஓடவிடுங்கள். பிரச்சினை நின்றால் ரேம் கெட்டுவிட்டது என்று இல்லை, பெட்டியில் போட்ட வேகத்தை அந்த ரேம், போர்டு, பிராசசர் கூட்டணி தாங்கவில்லை. 3600-ஐ 3200 ஆக்கிவிட்டு நிம்மதியாக ஆடலாம். கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது. அணைத்தும் நிற்கவில்லையா? மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு, ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் தவறுதான், ‘ஒன்றுதானே’ என்று விடக் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனியாக ஓட்டி எது என்று பிடியுங்கள்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அன்ரியல் இன்ஜின் கேம்களைத் திறக்கும்போது ‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று எரர் வந்து மூடிக்கொள்ளும். வீடியோ மெமரி என்று பார்த்ததும் கார்டை மாற்றியவர்கள் உலகம் முழுக்க உண்டு. கோளாறு பிராசசரில் இருந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, சிப் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோனது. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்று மைக்ரோகோடு (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசசரின் உள் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. பயாஸ் அப்டேட் இனிமேல் தேய்வதைத் தடுக்கும், தேய்ந்ததைச் சரி செய்யாது. ஏற்கெனவே தடுமாறும் பிராசசரை மாற்றித்தான் வாங்க வேண்டும்.

திரையில் கோடு, கட்டம், கலர் புள்ளி

ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மொபைலுக்கு அனுப்பிப் பாருங்கள். மொபைலிலும் அந்தக் கோடுகள் தெரிந்தால் படம் உருவாகும் இடத்திலேயே கெட்டிருக்கிறது: கார்டு, அல்லது டிரைவர். மொபைலில் படம் சுத்தமாக இருந்தால் கேபிள், மானிட்டர், அல்லது கார்டின் வெளியீட்டுப் பகுதி. முதலில் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் வீட்டு டிவியில் மாட்டிப் பாருங்கள்.

விண்டோஸ் வரும் முன்பே, பயாஸ் திரையிலேயே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டிரைவருக்கு அதில் பங்கே இல்லை, அங்கே டிரைவர் இன்னும் ஏறவே இல்லை. பெரும்பாலும் கார்டின் மெமரி சிப் போயிருக்கும். ஓவனில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு சமையலறைப் பக்கம் போகாதீர்கள். சரியானாலும் சில நாள்தான், வாரண்டி அதோடு போச்சு. கேம் ஆடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறது என்றால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மெமரியின் சூட்டைப் பாருங்கள். எல்லா கார்டிலும் அந்த அளவு தெரியாது. தெரிகிற கார்டில் 100 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேட் (மெமரியின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் மெத்தை) காய்ந்திருக்கலாம்.

நன்றாக ஓடிய கேம் திடீரென்று இழுக்கிறது

பெரும்பாலும் சூடு. 5600-க்கு வரம்பு 90 டிகிரி, அதைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் ரூமே 38 டிகிரியில் இருக்கும்போது, டிசம்பரில் பார்த்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. அதனால் ரூம் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பாருங்கள். தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆன் செய்த ஒரு நிமிடத்தில் பயாஸிலேயே 90-ஐத் தொடுகிறது என்றால் தூசி காரணம் இல்லை. கூலர் சரியாக உட்காரவில்லை, அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது வாட்டர் கூலரின் பம்ப் நின்றுவிட்டது. கடைசியதில் ஒரு குழாய் சுடும், மற்றது குளிர்ந்திருக்கும்.

நம் 5600 மாதிரி ஏஎம்4 சாக்கெட் பிராசசரில் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் பசை போல ஒட்டிக்கொண்டு, பிராசசரே சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் மெஷினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாகத் திருகிவிட்டு எடுங்கள்.

எஸ்எஸ்டி காணவில்லை, கேம் லோடாகும்போது உறைந்து நிற்கிறது என்பதெல்லாம் எளிது: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் டிஸ்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள். சாட்டா கேபிளில் ஓடும் டிஸ்கில் சிஆர்சி எரர் (வழியில் சிதைந்த தகவலின் கணக்கு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் கெட்டது.

பாகம் இதுதான் என்று உறுதியானதும், சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் அறிகுறியை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். எப்போதாவது வரும் பழுது அவர்களுடைய மேசையில் வராது, வீடியோ இருந்தால் வாதாட வசதி. சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் பில்லையும் போட்டோ எடுங்கள். இன்டெல் போர்டையோ ஏஎம்5 போர்டையோ கொடுக்கிறீர்கள் என்றால் சாக்கெட்டை மூடும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் போய், வழியில் ஒரு பின் வளைந்தால் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். அந்த மூடியைத் தூக்கிப் போட்டிருந்தால் நண்பரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.